டிரோனா, டிரட்ஜா... ஆபீஸ்ல நீங்க யாரு?

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கம் போயிருந்தால், கூட்டத்தைக் கண்காணிக்க மேலே டிரோன் பறப்பதைப் பார்த்திருப்பீங்க. அதே பெயரை, காலையில் காவிரிப் பாலம் தாண்டி திருச்சி ஆபீஸுக்கு ஓடுகிற நமக்கும் ஆங்கிலத்தில் வைப்பதுண்டு: 'ஆபீஸ் டிரோன்'. கூடவே 'டிரட்ஜ்' என்றும் ஒரு வார்த்தை. சலிப்பான வேலையில் சிக்கியவர் என்பதுதான் ரெண்டுக்கும் பொது. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை.

டிரோன் என்றால்?

ஆண் தேனீ. அது தேன் சேகரிக்காது, கொடுக்கும் கிடையாது. ராணித் தேனீயோடு இணைவதுதான் அதன் வேலை. அதனால் 16ஆம் நூற்றாண்டிலேயே, அடுத்தவர் உழைப்பில் வாழும் சோம்பேறிக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. நம்ம ஊர் பாஷையில் 'தண்டச்சோறு'. பிற்பாடு பொருள் நகர்ந்து, சுயமாக யோசிக்காமல் சொன்னதை மட்டும் செய்யும் ஊழியரையும் குறித்தது. 1935இல் பிரிட்டன் உருவாக்கிய ஆளில்லா விமானத்தின் பெயர் 'குயின் பீ', அதாவது ராணித் தேனீ. பறக்கும் டிரோனுக்குப் பெயர் வந்தது அதையொட்டித்தான் என்பார்கள்.

டிரட்ஜ் என்றால்?

இவர் நேர் எதிர். மாடாய் உழைப்பவர். வேலை கடினம், சலிப்பு, மரியாதையும் குறைவு. 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அகராதி தொகுப்பவரே ஒரு டிரட்ஜ்தான் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டார். சுமார் 42,000 சொற்களுக்குப் பொருள் எழுதியவர் சோம்பேறியா என்ன?

வித்தியாசம் எங்கே?

டிரோன் என்றால் குறை ஆளிடம். டிரட்ஜ் என்றால் குறை வேலையிடம். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஒருவர் நாள் முழுக்க ஒரே மாதிரி போல்ட்டை முடுக்குகிறார், ஐடி கம்பெனியில் ஒருவர் ஒரே எக்ஸெல் ஷீட்டை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை செக்குமாட்டு வேலையாக இருக்கலாம். அதற்காக அந்த ஆள் மந்தம் என்று ஆகிவிடாது.

அப்ரைசல் நேரத்தில் இது முக்கியம். "எனக்கு ஆர்வம் இல்லை" என்று சொன்னால் பழி உங்க மேல். "இந்த வேலையில் கத்துக்க ஒண்ணும் இல்லை, வேற பொறுப்பு கொடுங்க" என்று கேட்டால், மாற வேண்டியது வேலை. நம்மை நாமே டிரோன்னு சொல்லிக்கிறதுக்கு முன்னாடி, உண்மையில் டிரட்ஜ்தானான்னு ஒருமுறை யோசிக்கலாம்.