மூணாறு ஒரு நாள் டூர் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் ராஜமலை டிக்கெட் பற்றி கேளுங்க!

தேனி:

லீவு வந்துவிட்டால் போதும். தேனி, போடி, உடுமலை, பொள்ளாச்சி பக்கம் டீக்கடை சுவரில் எல்லாம் டூர் நோட்டீஸ்தான். "ஒரே நாளில் மூணாறு. விடியக்காலை கிளம்பி ராத்திரி வீடு. வரையாடு, ஆனைமுடி, டாப் ஸ்டேஷன், டேம் எல்லாம் உண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். தலைக்கு இவ்வளவு என்று ஒரு ரேட். கீழே ஒரு செல் நம்பர்.

மில், கடை, கட்டிட வேலை என்று வருஷம் பூராவும் ஓடும் குடும்பத்துக்கு கிடைப்பதே அந்த ஒரு நாள்தான். குழந்தைகளை கூட்டிக்கொண்டு மலை ஏறி, கடைசியில் "இன்னிக்கு டிக்கெட் முடிஞ்சு போச்சு" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? சீசன் நாட்களில் இது அடிக்கடி நடக்கிறது. வேன்காரர் "நான் என்ன சார் பண்றது, பாரஸ்ட்காரங்க விடல" என்று கையை விரித்து விடுவார். பணம் போனது போனதுதான்.

வரையாடு மேயும் மலை

மூணாறு டூரில் முக்கிய இடம் இரவிகுளம் தேசிய பூங்கா. மக்கள் பார்க்கப் போகும் பகுதிக்கு ராஜமலை என்று பெயர். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது. 1975-ல் சரணாலயம் ஆனது, 1978-ல் தேசிய பூங்கா ஆனது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி சிகரம் இதற்குள்தான் வருகிறது. தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் இதுதான்.

ஆனால் ஜனங்கள் போவது வரையாட்டை பார்க்கத்தான். தமிழ்நாட்டின் மாநில விலங்கே இந்த வரையாடு. செங்குத்தான பாறையில் மனுஷன் கால் வைக்கவே பயப்படும் இடத்தில் சர்வசாதாரணமாக நின்று புல் மேயும். தமிழக, கேரள வனத்துறைகள் 2025-ல் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் இந்த ஒரு பூங்காவில் மட்டும் 800-க்கும் மேல் இருப்பது தெரிந்தது. உலகத்தில் வேறு எந்த இடத்திலும் ஒரே கூட்டமாக இத்தனை வரையாடு கிடையாது. ராஜமலையில் ரோட்டு ஓரத்துக்கே வந்து நிற்கும் என்பதால் குழந்தைகளுக்கு கொண்டாட்டம்.

டூர்காரர் கையில் இல்லாத கேட்

நிறைய பேருக்கு தெரியாத விஷயம் இதுதான். ராஜமலைக்குள் எந்த டூர்காரரும் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. வேன், கார், ஜீப் எதுவாக இருந்தாலும் ஐந்தாம் மைல் என்ற இடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். அங்கே வனத்துறை டிக்கெட் வாங்கி, வனத்துறை பஸ்சில்தான் மேலே போகணும். பஸ் இறக்கி விட்ட இடத்தில் இருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தார் ரோட்டில் நடை. அதற்கு மேல் யாரையும் விட மாட்டார்கள். திரும்பி வருவதும் அதே பஸ்தான்.

அப்படி என்றால் டூர்காரருக்கு கொடுக்கும் காசு எதற்கு? வண்டிக்கும், சரியான நேரத்துக்கு கேட்டில் கொண்டுபோய் நிறுத்துவதற்கும்தான். இந்த இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் டூர் வேஸ்ட்.

ஆகவே போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ராஜமலை டிக்கெட் ரேட்டுக்குள்ள இருக்கா, தனியா?" என்பதுதான். பல நோட்டீசில் மூலையில் பொடி எழுத்தில் "நுழைவுக்கட்டணம் தனி" என்று இருக்கும். 5 பேர் குடும்பம் என்றால் அங்கே போய் நின்றபிறகு 5 டிக்கெட் பணத்தை பாக்கெட்டில் இருந்து எடுக்கணும். டிக்கெட் ரேட் அவ்வப்போது மாறுவதால் போகும் வாரத்தில் வனத்துறை வெப்சைட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது கேள்வி, "டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைன்ல போட்டாச்சா?". ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கிறது. தீபாவளி, பொங்கல், மே மாத லீவு, சனி, ஞாயிறு என்றால் கியூ ஐந்தாம் மைலில் ரோட்டிலேயே நிற்கும். போட்டாச்சு என்று சொன்னால் அந்த டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை மூன்றும் சரியாக இருக்கணும். "அங்க நமக்கு ஆள் இருக்கு சார், பாத்துக்கலாம்" என்று பேசினால் உஷார். வனத்துறை கேட்டில் யாருக்கும் தனி ஆள் கிடையாது.

காலை 5 மணியா, 8 மணியா?

தேனியில் இருந்து மூணாறு 85 கிலோமீட்டர் சுமார். கேட்க பக்கம் மாதிரி இருக்கும். ஆனால் போடியில் இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அப்புறம் பூப்பாறை, சின்னக்கானல், கேப் ரோடு, தேவிகுளம். வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு நிறுத்தி, டீக்கு நிறுத்தி போனால் 3 மணி நேரம் ஆகிவிடும். மூணாறு டவுனில் இருந்து ராஜமலை கேட்டுக்கு மேலும் 13 கிலோமீட்டர். உள்ளே கியூ, பஸ், நடை, திரும்ப பஸ் என்று இன்னொரு 3 மணி நேரம்.

அதிகாலை 5 மணிக்கு தேனியை விட்டால் ஒன்பதரை வாக்கில் கேட்டில் நிற்கலாம். 8 மணிக்கு கிளம்பும் டூரில் மூணாறு போய் சேரவே 11 மணி. அதற்குப் பிறகு "மசாலா தோட்டம்", "ஹோம்மேட் சாக்லேட்" என்று இரண்டு கடையில் வண்டி நிற்கும். ஏன் நிற்கிறது? நாம் வாங்கும் ஏலக்காய்க்கும் சாக்லேட்டுக்கும் வண்டிக்காரருக்கு கமிஷன் உண்டு. அங்கே ஒரு மணி நேரம் போய், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் ராஜமலை டிக்கெட் கவுண்டர் மூடும் நேரம் வந்துவிடும். முதலில் ராஜமலை, கடை எல்லாம் திரும்பி வரும்போது என்று ஏறும்போதே கறாராக சொல்லிவிடணும்.

ஒரே நாளில் 8 இடம், 10 இடம் என்று போடும் நோட்டீசையும் நம்ப வேண்டாம். மாட்டுப்பட்டி டேம், எக்கோ பாயிண்ட், குண்டளை, டாப் ஸ்டேஷன் எல்லாம் ஒரு ரோடு. ராஜமலை வேறு ரோடு. டாப் ஸ்டேஷன் மட்டுமே மூணாறில் இருந்து 32 கிலோமீட்டர். (அந்த இடம் நம்ம தேனி மாவட்டத்து எல்லைக்குள்தான் வருகிறது, ஆனால் ரோடு கேரளா வழியாகத்தான்.) இரண்டு பக்கமும் ஒரே நாளில் என்றால் வண்டிக்குள் உட்கார்ந்துதான் பார்க்கணும். ராஜமலையும் மாட்டுப்பட்டியும் என்று நிறுத்திக்கொண்டால் நிம்மதி.

உடுமலை, பழனி, திருப்பூர் பக்கம் இருந்து போகிறவர்களுக்கு ஒரு வசதி. சின்னாறு, மறையூர் வழியாக வந்தால் மூணாறு டவுனுக்கு முன்பே ஐந்தாம் மைல் கேட் வந்துவிடும். டவுனுக்கு போய்விட்டு திரும்பி வர வேண்டியதில்லை. டூர்காரர் நேராக டவுனுக்கு விட்டால் ஏன் என்று கேளுங்கள். இந்த ரூட் காட்டு ரோடு, யானை நடமாட்டம் உண்டு, ராத்திரியில் செக்போஸ்டில் கட்டுப்பாடு இருக்கும். பொழுது சாயும் முன் இறங்கிவிட வேண்டும்.

மஞ்சள் போர்டு பாருங்க

ரேட் ரொம்ப கம்மியாக சொன்னால் வண்டி யாருடையது என்று பார்க்கணும். வாடகை வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கணும். கேரளாவுக்குள் போக பர்மிட்டும் வரியும் கட்டியிருக்கணும். தெரிந்தவர் வீட்டு வண்டி என்று வெள்ளை போர்டு வண்டியில் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மலையில் ஏதாவது ஆகிவிட்டால் வாடகைக்கு ஓட்டியதை காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். ஆஸ்பத்திரி செலவு நம்ம தலையில். 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் இந்த வம்பு தேவையா?

12 சீட் வண்டியில் 17 பேரை திணிப்பதும் உண்டு. எத்தனை சீட், எத்தனை பேர் என்று முதலிலேயே கேட்கணும். அதைவிட முக்கியம் டிரைவர் தூங்கினாரா என்பது. சீசனில் ராத்திரி ஒரு ட்ரிப் இறக்கிவிட்டு விடியக்காலை அடுத்த ட்ரிப் எடுப்பார்கள். கேட்க கூச்சப்பட வேண்டாம்.

"கைடு சார்ஜ்" எதுக்கு?

சில பாக்கேஜில் கைடு சார்ஜ் என்று தனியாக வாங்குவார்கள். ராஜமலையில் அதற்கு வேலையே இல்லை. பாதை ஒன்றுதான், வனத்துறை ஆட்கள் அங்கங்கே நிற்கிறார்கள். பெரும்பாலான டூரில் டிரைவர்தான் கைடு. நிஜமாகவே காட்டை தெரிந்த ஆளோடு நடக்க ஆசை என்றால் மறையூர் தாண்டி சின்னாறு சரணாலயம் இருக்கிறது. அங்கே வனத்துறை ஏற்பாட்டில் மலைவாழ் மக்களே வழிகாட்டியாக தூவானம் அருவி பக்கம் கூட்டிப்போகிறார்கள். அந்த காசு அவர்கள் கைக்கு போகிறது.

"ஆனைமுடி ஏத்தி விடுறோம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகிவிடுங்கள். டூரிஸ்ட்டுகளுக்கு அந்த சிகரத்தில் அனுமதி இல்லை. கீழே இருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அனுமதி விஷயத்தை லேசாக நினைத்தால் என்ன ஆகும் என்று தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் டிரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதன்பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கு தனி விதிமுறை போட்டது. மலை ஏறத்தான் ஆசை என்றால் 2024-ல் வனத்துறை தொடங்கிய "டிரெக் தமிழ்நாடு" திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. நேரடியாக ஆன்லைனில் பதிவு செய்யலாம், புரோக்கர் வேண்டியதில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் பூட்டு

வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ராஜமலையை மூடிவிடுவார்கள். வழக்கமாக ஏப்ரலில் திறப்பார்கள். இது தெரிந்தே பிப்ரவரியில் "வரையாடு டூர்" விற்கிறவர்கள் உண்டு. அங்கே போனபிறகு "மூடிட்டாங்க, அதுக்கு பதிலா வேற பார்க் காட்டுறோம்" என்பார்கள். ஏப்ரல், மே போனால் குட்டிகளையும் சேர்த்து பார்க்கலாம்.

குறிஞ்சிப்பூ கதையும் இப்படித்தான். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் நீலக்குறிஞ்சி ராஜமலையில் கடைசியாக 2018-ல் பூத்தது. அடுத்தது 2030-ல். நடுவில் மலை பூராவும் நீலம் காட்டுகிறோம் என்று போட்டோ போட்டு அழைத்தால் அது பழைய போட்டோ.

மழைக்காலம் இன்னும் கவனம். 2020 ஆகஸ்டு 6-ந் தேதி ராத்திரி ராஜமலையைத் தாண்டி இருக்கும் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலை தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 70 பேர் போய்விட்டார்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம் இருந்து பிழைக்கப்போன குடும்பங்கள்தான் அதில் அதிகம். கேப் ரோட்டிலும் மழை நாளில் மண் சரிவு சகஜம். இடுக்கிக்கு ரெட் அலர்ட் என்று டிவியில் சொன்னால் டூரை தள்ளிப்போடணும். "அப்படி தள்ளிப்போட்டா அட்வான்ஸ் திரும்ப வருமா?" என்பதை புக் பண்ணும்போதே கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

அட்வான்சை கையில் கொடுக்காமல் ஜிபேயில் போடுவது நல்லது, ஆதாரம் நிற்கும். ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் கோர்ட்டில் 5 லட்சம் வரையிலான வழக்குக்கு கட்டணம் கிடையாது.

டூரே வேண்டாம் என்றால்?

நாலு பேர் மட்டும் போகிற குடும்பம் பஸ்சிலேயே போய் வரலாம். மூணாறில் இருந்து மறையூர், உடுமலை போகும் பஸ்கள் ஐந்தாம் மைல் வழியாகத்தான் போகின்றன. ஆட்டோவும் உண்டு, ஏறும் முன் திரும்பி வருவதையும் காத்திருப்பதையும் சேர்த்து ரேட் பேசிவிடணும். மூணாறு கேரள அரசு பஸ் டெப்போவில் இருந்து 2021 முதல் குறைந்த கட்டணத்தில் சுற்றுலா பஸ்களும் விடுகிறார்கள். எந்த ரூட், ராஜமலை அதில் வருமா என்று கேட்டு ஏறணும்.

பாட்டி, தாத்தாவை கூட்டிப்போனால் அந்த ஒரு கிலோமீட்டர் மேடு மூச்சு வாங்கும். குளிரும். ஸ்வெட்டர், குடை அவசியம். பிளாஸ்டிக் பை, பாட்டில் உள்ளே விட மாட்டார்கள். வரையாடு கிட்டே வந்தாலும் தொடக்கூடாது, முறுக்கு, பிஸ்கட் போடக்கூடாது. 2023-ல் ஒரு வரையாட்டின் கொம்பை பிடித்து போட்டோ எடுத்த இருவரை வனத்துறை கைது செய்தது. செல்பி ஆசையில் இருக்கும் இளவட்டங்களுக்கு இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

மாலை 4 மணிக்கெல்லாம் மூணாறை விட்டு கிளம்பிவிடச் சொல்லணும். கேப் ரோட்டில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வரும் லாரி தெரியாது. போடிமெட்டு இறங்கும்போது வெளிச்சம் இருக்கணும்.