சுவர்ப் பேனல் வாங்கும் முன் சற்று யோசியுங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் பெரியோர் வாக்கு. தோட்டத்தை விட்டு வெளியேறி, சேமநிதிப் பணத்தைக் கொண்டு யோங் பெங் வட்டாரத்தில் வீடு கட்டும் குடும்பங்களுக்கு அது ஆயுளில் ஒருமுறை நடக்கும் காரியம். தகரக் கூரையின் கீழ் லயத்து வீட்டில் புழுங்கியவர்கள், புது வீடாவது குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று எண்ணுவது நியாயமே. அந்த ஆசைக்குத்தான் இன்று 'வெப்பத்தடுப்புச் சுவர்ப் பேனல்' விற்பனைக்கு வருகிறது.

பேனல் என்பது என்ன?

இருபுறமும் மெல்லிய தகடு அல்லது சிமெண்டுப் பலகை, நடுவே நுரை. மீன்காரரின் ஐஸ் பெட்டி செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. நுரைக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. வெள்ளை நுரையான பாலிஸ்டைரின் விலை மலிவு. மஞ்சள் நிற பாலியூரித்தேன் அதே கனத்தில் இன்னும் நன்றாகத் தடுக்கும். பாறைக் கம்பளி தீப்பிடிக்காது. ஆனால் நனைந்தால் கெட்டுவிடும்.

விற்பவரிடம் 'யு' அளவு என்ன என்று கேளுங்கள். எண் குறையக் குறைய வெப்பம் நுழைவதும் குறையும். பூசிய ஒற்றைச் செங்கல் சுவருக்கு இது சுமார் 3. 50 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் பேனலுக்குச் சுமார் அரைதான்.

முதலில் கூரை!

யோங் பெங் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் இருக்கிறது. நண்பகல் வெயில் தலைக்கு மேலேயே விழுவதால், அதிக வெப்பம் கூரை வழியாகத்தான் இறங்கும். ஆகவே கையிலுள்ள வெள்ளியை முதலில் கூரையின் அடியில் வெப்பத்தடுப்பு போடச் செலவிடுங்கள். அடுத்தது மேற்கு, கிழக்குச் சுவர்கள். வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு அகன்ற தாழ்வாரமே பெரும்பாலும் போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏர்கோன் போட்டு மூடிய அறையில் பேனல் மின் கட்டணத்தைக் குறைக்கும். பகல் முழுதும் சன்னல் திறந்திருக்கும் வீட்டிலோ வெளிச் சூடு காற்றோடு உள்ளே வந்துவிடும். அங்கே பேனலின் பலன் குறைவு.

தீயும் வெள்ளமும்

2017 ஜூன் 14-ஆம் நாள் இலண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து 72 உயிர்கள் பலியாயின. வெளிச்சுவரில் பதித்த பிளாஸ்டிக் நடுப்பகுதி கொண்ட தகடுகளே தீ வேகமாகப் பரவ முக்கியக் காரணம். நுரை வைத்த பேனலைச் சமையலறை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். மின்கம்பியை வெள்ளை நுரையைத் தொடும்படி விடக்கூடாது. கம்பியின் உறை நாளடைவில் கெடும். குழாய்க்குள்தான் செலுத்த வேண்டும்.

2023 மார்ச்சில் பத்து பகாட் மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்தபோது யோங் பெங்கும் தப்பவில்லை. எனவே தாழ்வான நிலத்தில் அடிச்சுவரைச் செங்கல்லில் எழுப்பி, அதன்மேல் பேனலை நிறுத்துவதே புத்தி. இணைப்புகளையும் ஓரங்களையும் நன்றாக அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எலியும் எறும்பும் நுரைக்குள் குடிபுகும்.

பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: 'யு' அளவு எழுதிய தாள், தீயணைப்புத் துறையின் சான்றிதழ், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்ற எழுத்து. சாமி மாடமும் அலமாரியும் மாட்ட எங்கே இரும்புச் சட்டம் வைப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வீட்டு வரைபடத்திற்கு யோங் பெங் மாவட்ட மன்றத்தின் அனுமதியும் வேண்டும்.

வாய்ச்சொல்லை நம்பிச் சேமநிதியைக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்தில் இருப்பதை, படிக்கத் தெரிந்த பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள்.