இரவில் உறங்கவிடாத காதுவலி

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் பக்கம் காது வலித்தால் முதல் வைத்தியம் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்தான். அரிப்பெடுத்தால் கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி என்று கைக்கு அகப்பட்டது உள்ளே போகும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகிவிட்டால் முங்கிக் குளிக்காமல் இருக்க முடியுமா? பெரும்பாலான காதுகள் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். பல வருடமாகச் சர்க்கரை வியாதியோடு இருக்கும் முதியவரின் காது தாங்காது.

காதுக்குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு, உட்பகுதி கெட்டி எலும்பு. குருத்தெலும்பின் அடித்தளத்தில் சாண்டோரினி பிளவுகள் என்ற நுண்ணிய இடுக்குகள் உண்டு. ஈரமான இடங்களில் வாழும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா, குடைந்ததில் கீறிய தோல் வழியாக நுழைந்து, இந்த இடுக்குகளில் இறங்கி மண்டையோட்டின் அடி எலும்பை எட்டுகிறது. நல்ல உடம்பென்றால் காதுக்குரும்பியின் அமிலத்தன்மையும் வெள்ளணுக்களும் அதை வாசலிலேயே மடக்கிவிடும். சர்க்கரை நோயாளிக்குக் குரும்பியின் அமிலத்தன்மை குறைந்திருக்கும். நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும். வெள்ளணுக்களும் மந்தமாகவே வேலை செய்யும். காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு, இப்படி எலும்பு வரை பரவும் காதுநோய் தொடங்கிய முதியவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

வலிதான் இதன் முதல் அடையாளம். தொடக்கத்தில் பார்வைக்குக் காதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் இரவில் படுக்கவிடாது. மென்றால் தாடை வலிக்கும், சீழ் வடியும். குழாயின் அடிப்புறத்தில், குருத்தெலும்பும் எலும்பும் சேருமிடத்தில் சிவந்த சதை முளைத்திருக்கும். முகநரம்பு மண்டையோட்டை விட்டு வெளியே வரும் துளை அருகிலேயே இருப்பதால் அடுத்து வாய் கோணும். வீட்டில் அதைப் பக்கவாதம் என்று நினைத்துவிடுவார்கள். இன்னும் பரவினால் குரல் கம்மும், விழுங்குவது சிரமமாகும்.

1968-இல் அமெரிக்காவின் மியாமியில் ஜேம்ஸ் சாண்ட்லர் என்ற மருத்துவர் 13 நோயாளிகளை ஆராய்ந்து இந்நோயை விரிவாக எழுதினார். அன்று ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். 1980-களின் கடைசியில் சிப்ரோஃப்ளோக்சசின் என்ற கிருமிக்கொல்லி வந்த பிறகு, ஊசியோடு கிடந்தவர்களில் பலரால் மாத்திரையிலேயே குணமாக முடிந்தது. அதே மாத்திரையைச் சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிப் பழகியதால் இன்று அதற்கு மசியாத கிருமிகள் பெருகியிருக்கின்றன. இது எனக்குப் பெரிய கவலை.

சொட்டுமருந்து தோலோடு நின்றுவிடும், எலும்புக்குப் போகாது. சி.டி. ஸ்கேனும் தொடக்கத்தில் ஏமாற்றலாம். எலும்பின் தாதுச்சத்தில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே அது அரிக்கப்பட்டிருப்பது தெளிவாகத் தெரியும். அதனால் டெக்னீசியம் எலும்பு ஸ்கேன், எம்.ஆர்.ஐ., ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். சோதனை எனச் சேர்த்துப் பார்க்கிறார்கள். காதுக்குழாயில் முளைத்த அந்தச் சதையில் துளி எடுத்துச் சோதிப்பதும் கட்டாயம், ஏனென்றால் புற்றுநோயும் இதே வேடத்தில் வரும். சில சமயம் காரணம் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையாக இருக்கும். அதற்கு மருந்தே வேறு.

சிகிச்சை குறைந்தது ஆறு வாரம், சிலருக்கு மாதக்கணக்கில். வலி அதற்கு வெகு முன்பே அடங்கிவிடும். கூலிக்குப் போகிறவர் அங்கேதான் மருந்தை நிறுத்துகிறார். எலும்புக்குள் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி கிளம்புகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் எந்த மருந்தும் முழுசாகப் பலிக்காது.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 2021 முதல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவருபவர்கள், காலில் புண் உண்டா என்று முதியவர்களிடம் கேட்கும்போதே, ராத்திரியில் காது வலிக்கிறதா என்றும் கேட்கலாம். ஆமென்றால் எண்ணெய் ஊற்றாமல், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அந்த வாரமே அனுப்பிவிட வேண்டும்.