பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசை: ஸ்கேன் என்ன சொல்லும்?



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு மனுச் செய்யும் பெண்களில் சிலர் எங்கள் பெண் ஊழியர்களிடம் மட்டும் மெல்லச் சொல்லும் குறை ஒன்று உண்டு: இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது; அடியில் ஏதோ இறங்கியது போலிருக்கிறது. "பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். உளூ நிற்குமா என்ற கவலையில் தொழுகையையே தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு.

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசை. குழந்தையின் தலை வெளிவரும்போது அது பல மடங்கு விரிகிறது. சிலருக்கு முன்பக்க இடுப்பெலும்பிலிருந்தே பிய்ந்துவிடுகிறது. ஆயுதப் பிரசவத்தில் இந்த ஆபத்து கூடுதல். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஆய்வில், முதல் குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்ற 160 பெண்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். அவர்களில் பாதிப்பேர் சிறுநீர்க் கசிவு உள்ளவர்கள். 32 பேருக்குத் தசையில் சேதம் தெரிந்தது. பிள்ளை பெறாத 80 பேரில் ஒருவருக்கும் அது இல்லை.

இன்று பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும். கருவியை உள்ளே நுழைப்பதில்லை. உறையிட்டு, ஜெல் தடவி, பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் வைக்கிறார்கள். கதிர்வீச்சு கிடையாது. முதலில் சும்மா இருக்கும்போதும், பிறகு தசையைச் சுருக்கும்போதும், முக்கும்போதும் படம் பார்க்கிறார்கள். உறுப்புகள் எவ்வளவு இறங்குகின்றன என்பது தெரியும். முப்பரிமாண ஸ்கேனில் தசை இருபுறமும் எலும்போடு ஒட்டியிருக்கிறதா என்பதும் தெரியும். முக்கும்போது தசைகளின் நடுவிலுள்ள திறப்பு 25 சதுர செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால், தசை மிகவும் தளர்ந்துவிட்டது என்று கொள்கிறார்கள்.

எல்லாருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. முதல் சிகிச்சை பயிற்சிதான்: சிறுநீரை அடக்குவதுபோல் தசையைச் சுருக்கி, சில நொடி நிறுத்தித் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 8 முறை, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். அதன் பிறகும் குறை தீராவிட்டால், அல்லது அடியில் சதை இறங்கித் தென்பட்டால், மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். தசையைச் சரியாகச் சுருக்குகிறோமா என்பதையும் திரையிலேயே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். எலும்பிலிருந்து பிய்ந்த தசை பயிற்சியால் திரும்ப ஒட்டாது. ஆனால் மீதமுள்ள தசை வலுப்படும். அடுத்து வளையம் பொருத்துவதா, அறுவை சிகிச்சையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

பெண் மருத்துவரே பார்க்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. எழும்பூரில் 1844 முதல் அரசு மகப்பேறு மருத்துவமனை இயங்குகிறது. துணைக்கு ஆள் இல்லாதவர்கள் எங்கள் பெண் ஊழியர்களிடம் சொல்லுங்கள்.

தொடர்ந்து கசிவு உள்ளவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. விவரத்தை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தொழுகையை விட்டுவிடாதீர்கள். கணவன்மார்களே, மாமியார்களே! இது சகஜம் என்று சொல்லி அந்தப் பெண்ணின் வாயை அடைக்காதீர்கள். பிள்ளை பெற்றுத் தந்தவளின் வேதனையைக் கேட்பது நம் கடமை.