பத்தொன்பது பேர் போட்ட ஓட்டு

2021 டிசம்பர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் ரேவன் சாஃப்ட்வேர் ஸ்டூடியோவில் டெஸ்டர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டார்கள். கோடிக்கணக்கானோர் ஆடும் ‘கால் ஆஃப் டூட்டி: வார்ஸோன்’ கேமைச் சோதிப்பவர்கள் அவர்கள். 12 பேருக்கு வேலை இல்லை என்று சொல்லப்பட்டது. சம்பளம் உயரும் என்று நம்பிக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பதில் இது.

டெஸ்டிங் என்றால் நாள் முழுக்க ஜாலியாக கேம் ஆடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே சுவரில் நூறு முறை மோதிப் பார்த்து, எந்த முறை கேம் உறைந்து நிற்கிறது என்று குறித்துத் தருகிற வேலை அது. கேம் துறையில் மிகக் குறைந்த கூலியும், முதலில் பறிபோகும் வேலையும் இவர்களுக்குத்தான்.

இந்த முறை அவர்கள் பணியவில்லை. ரேவன் ஊழியர்கள் 60 பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிஸார்ட் மீது, பாலியல் தொல்லையும் சம்பளப் பாகுபாடும் நடப்பதாகக் கலிஃபோர்னியா அரசு அந்த ஜூலையில்தான் வழக்குத் தொடுத்திருந்தது. அப்போதே ஊழியர்கள் வெளிநடப்பு செய்தார்கள். அந்தக் கோபத்துக்கு அமைப்பு வடிவம் கொடுத்தவர்கள் டெஸ்டர்கள். ஜனவரியில் ‘கேம் ஒர்க்கர்ஸ் அலையன்ஸ்’ என்ற சங்கத்தை அறிவித்தார்கள்.

நிறுவனம் அதைத் தானாக அங்கீகரிக்கவில்லை. ஏப்ரலில் சுமார் 1,100 டெஸ்டர்களை நிரந்தரமாக்கி, மணிக்குக் குறைந்தது 20 டாலர் என்று அறிவித்தபோது, தொழிலாளர் சட்டத்தைக் காரணம் காட்டி ரேவன் டெஸ்டர்களுக்கு மட்டும் அந்த உயர்வைத் தரவில்லை. ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 2022 மே 23 அன்று ஓட்டுகள் எண்ணப்பட்டபோது சங்கத்துக்கு ஆதரவு 19, எதிர்ப்பு 3. அமெரிக்காவின் பெரிய கேம் வெளியீட்டு நிறுவனம் ஒன்றில் உருவான முதல் சங்கம் இதுதான்.

அடுத்த ஆண்டே ஜெனிமேக்ஸ் என்ற இன்னொரு கேம் நிறுவனத்தில் சுமார் 300 டெஸ்டர்கள் சங்கம் அமைத்தார்கள். ரேவன் சங்கத்துக்கு முதல் ஒப்பந்தம் கைக்கு வர 2025 ஆனது. நியாயம் கிடைக்க மூன்று ஆண்டுகள் அதிகம்தான். ஆனாலும் அந்த 19 பேர் ஓட்டுப் போடாமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

கேம் விமர்சனம் எழுதுகிறவர்கள் கிராஃபிக்ஸுக்கும் கதைக்கும் மதிப்பெண் போடுகிறோம். அந்த கேமைச் சோதித்தவருக்கு என்ன கூலி, அவர் வேலை நிலையானதா என்று கேட்பதும் விமர்சகரின் கடமை. ஆடுகிறவர்களும் அதைக் கேட்க வேண்டும். நாம் கொடுக்கும் பணத்தில்தான் அந்தத் துறை நடக்கிறது.