மலிவான ஹெட்போன் வாங்குமுன்

தையல் மெஷினில் இருந்தபடியே வானொலி கேட்பது எனக்குப் பழக்கம். கல்முனைக் கடைகளில் காதை மூடும் ஹெட்போன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் விலையை மட்டும் பார்த்து நான் வாங்குவதில்லை.

கடையிலேயே என் போனில் பொருத்தி, பழகிய அறிவிப்பாளரின் குரலைக் கேட்பேன். குறைந்த சத்தத்திலேயே சொற்கள் தெளிவாக விளங்க வேண்டும். ‘தும் தும்’ என்ற அதிர்வு கூடினால் பேச்சு மங்கும். சத்தத்தைக் கூட்டத் தோன்றும். முக்காட்டின் மேல் சில நிமிடம் அணிந்து, அழுத்துகிறதா என்றும் பார்ப்பேன். வயர் சேரும் இடத்தை மெதுவாக அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வரக்கூடாது.

சகோதரிகளே, 80 டெசிபல் சத்தத்தை வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனில் சத்தம் 60 வீதத்தைத் தாண்டாதிருப்பது நல்லது. உட்செவியில் அழிந்த உணர்கலங்கள் மீண்டும் வளர்வதில்லை. ஷெல் சத்தத்தில் பாதிக்கப்பட்ட காதுகளோடு நம்மில் சிலர் வாழ்கிறோம். காதில் ஓயாத இரைச்சல் இருந்தால், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். ஹெட்போன் பிறகு வாங்கலாம்.

வீட்டில் தனியே இருக்கும்போது ஒரு காதைத் திறந்தே வையுங்கள். பிள்ளை அழுவதும் வாசலில் ஆள் கூப்பிடுவதும் கேட்க வேண்டுமல்லவா?