பலகாரமும் பகுத்துண்ணலும்

நாள்தோறும் உண்ணும் சோறு பசி தீர்ப்பதற்கு அமைந்தது. பலகாரமோ பிறரோடு கூடி மகிழ்வதற்கென்றே அமைந்தது. தனக்கொருத்தி உண்பதற்காக ஒருபடி அரிசியை இடித்து முறுக்குச் சுடுவார் எவரும் இலர். அண்டை வீட்டார் இத்துணையர், உறவினர் இத்துணையர் என்று எண்ணிய பின்னரே அரிசியை அளப்பர். ஆதலின், பலகாரம் செய்தல் ஒரு கைத்திறனும் ஆம். ஓர் அறமும் ஆம். அவ்விரண்டையும் இங்கே காண்போம்.

பலகாரம் என்பது, பழவுணவு என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு. நோன்பு நாளில் சோற்றை விலக்கிப் பழம் முதலிய எளிய உணவை உட்கொள்வது வழக்கம். நாளடைவில், சோறல்லாத சிற்றுணவு பலவற்றுக்கும் அச்சொல்லே பெயராயிற்று. சொல் வந்ததாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. சங்கநூலாகிய மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் இரவைக் கூறுமிடத்து, மெல்லிய அடையும் உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் விற்பாரைக் காட்டுகின்றது. அவர்க்குக் கூவியர் என்பது பெயர்.

இனி, அதிரசம் செய்யும் முறையை நோக்குவோம். பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, துணியின்மேல் நிழலில் உலர்த்துவர். ஈரம் முற்றும் நீங்குமுன்னரே இடித்துச் சலிப்பர். வெல்லத்தை நீரிலிட்டுக் காய்ச்சுங்கால், நீர் ஆவியாகிக் குறையக் குறையப் பாகின் கொதிநிலை உயர்ந்துகொண்டே செல்லும். தனி நீர் செல்சியசு அளவில் 100 பாகையிற் கொதிக்கும். அதிரசத்திற்குரிய பாகு ஏறத்தாழ 115 பாகையளவில் இருக்கும். நம் முன்னைய மகளிர் வெப்பமானி கொண்டு அளந்தாரல்லர். கொதிக்கும் பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் திரட்டிப் பார்த்தனர். துளி கரைந்தோடினால் பதம் வரவில்லை. மெத்தென்று உருண்டால் பதம் வந்தது. கல்லென இறுகினால் பதம் கடந்தது. இளம்பாகிற் கிளறிய மாவு எண்ணெயில் பிரிந்துபோகும். முதிர்பாகிற் கிளறியது பல்லுக்கு அடங்காது. வெப்பமானி எண்ணாற் காட்டுவதை அந்நீர்த்துளி விரலுக்குக் காட்டிற்று. கிளறிய மாவை ஓரிரு நாள் மூடிவைப்பதற்கும் காரணம் உண்டு. அதற்குள் பாகின் ஈரம் மாவின் துகள்தோறும் ஊறிச் சீராகப் பரவும்.

முறுக்கு, முறுக்கப்படுதலால் அப்பெயர் பெற்றது. அரிசிமாவு நான்கு பங்கிற்கு வறுத்து அரைத்த உளுத்தமாவு ஒரு பங்கு சேர்ப்பது பல இல்லங்களின் வழக்கம். கோதுமை மாவிற்கு நீர் பட்டவுடன் இழுவை உண்டாகும்; அரிசி மாவிற்கு அவ்வியல்பு இல்லை. அக்குறையை உளுந்தின் பிசுபிசுப்பு ஓரளவு நிறைவு செய்கின்றது. உடன் சேர்க்கும் வெண்ணெய், துகள்கள் ஒன்றோடொன்று இறுகாமல் தடுத்துக் கரகரப்பைத் தருகின்றது. காய்ந்த எண்ணெயில் முறுக்கை இட்டவுடன் எழும் சலசலப்பு, எண்ணெயின் ஒலி அன்று. மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஒலி. அவ்வொலி அடங்குவதே முறுக்கு வெந்தமைக்கு அடையாளம். ஈரம் நீங்கியமையால் முறுக்கு பலநாள் கெடாது. ஆயினும் மழைக்காலத்தில் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நமத்துப்போகும்.

சீடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். வாணலியில் சீடை வெடித்துக் கொதியெண்ணெய் முகத்தில் தெறிப்பது உண்டு. கண்ணுக்கே கேடு விளைதலும் கூடும். நீர் ஆவியாகுங்கால் தன் அளவினும் 1,600 மடங்கிற்கு மேலான இடத்தை வேண்டி நிற்கும். சீடையின் புறம் விரைவில் இறுகிவிடின், உள்ளே பிறக்கும் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. அது புறத்தைப் பிளந்துகொண்டு வெளிவரும். ஆகவே, மாவை ஈரமற வறுத்தல் வேண்டும். நுண்ணிய சல்லடையில் இருமுறை சலித்தல் வேண்டும். அழுத்தி உருட்டாது மெல்ல உருட்டித் துணியின்மேல் உலரவிடுதல் வேண்டும். முதலில் ஒன்றிரண்டை இட்டுப் பார்த்த பின்னரே மற்றவற்றை இடுதல் அறிவுடைமை.

பிறர்க்குக் கொடுக்கும் பண்டம் தூயதாகவும் இருத்தல் வேண்டும். ஒரே எண்ணெயைப் பலமுறை காய்ச்சினால் அது சிதைந்து நலங்கெடும். அச்சிதைவால் உண்டாகும் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதி செய்துள்ளது. இல்லங்களில் அவ்வளவையை அறியும் கருவி இல்லை. ஆயினும் கருத்து, நுரைத்து, விரைவிற் புகையும் எண்ணெயைக் கண்ணும் மூக்குமே காட்டிக் கொடுக்கும். செலவுக்கு அஞ்சி அதனை மீண்டும் அடுப்பிலேற்றுதல் தகாது.

இனி, பகுத்துண்ணல் என்னும் அறத்தை நோக்குவோம். தேவருணவே கைக்கு எட்டினும் தமக்கென மறைத்துக்கொள்ளாத சான்றோரால் இவ்வுலகம் நிலைத்திருக்கின்றது என்பது, புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி கூறும் கருத்தாகும். அக்கருத்து நம் தெருக்களில் இன்றும் உயிரோடு உலவுகின்றது. தீபாவளியன்று அதிரசமும் முறுக்கும் அடுத்த வீட்டிற்குச் செல்லும். கிறித்துமசு நாளில் அச்சுமுறுக்கும் கேக்கும் அங்கிருந்து வரும். நோன்பு மாதத்தில் இசுலாமிய அன்பர் இல்லத்துக் கஞ்சி வரும். பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பலாகாது என்பது பெரியோர் வழக்கு. வேறொன்றும் இல்லையெனின் சிறிது சருக்கரையேனும் இட்டு அனுப்புவர். உயிரிழப்பு நேர்ந்த வீட்டில் அவ்வாண்டு பண்டிகைப் பலகாரம் செய்யார். ஆனால் அவ்வீட்டுக் குழந்தைகள் ஏமாறாவண்ணம் அண்டை வீட்டாரும் உறவினரும் கொண்டுவந்து கொடுப்பர். துயரத்தை அறிந்து, அதனை வாயாற் கூறாமலே ஆற்றும் வழக்கம் இது.

எனினும் நம்மிடையே ஒரு குறையும் உண்டு. கொள்பவர் குலம் இன்னது என்று ஆராய்ந்து, தெருமுனையோடு தட்டைத் திருப்பிக்கொண்டாரும் உளர். வாங்கும் கை எவருடையது என்று பார்த்துக் கொடுப்பது பகுத்துண்ணல் ஆகாது; அது பண்டமாற்றே ஆகும். தெருவைத் தூய்மை செய்பவர்க்கும், திருப்பிக் கொடுக்க ஏதுமில்லாதவர்க்கும் நம் தட்டு செல்லும்போதே அவ்வறம் நிறைவு பெறும். எஞ்சிய பண்டத்தைப் புறத்தே நிறுத்திக் கொடுத்தலும் முறையன்று. முதலில் எடுத்ததை முகமலர்ந்து கொடுத்தலே முறை.

மாணவர்களே! இக்காலத்தில் எப்பலகாரமும் கடையிற் கிடைக்கும். அதனை வாங்கிக் கொடுத்தலும் நன்றே. ஆயினும் பதம் அறியும் விரலும், சலசலப்பை உணரும் செவியும் விலைக்குக் கிடைப்பனவல்ல. அவை பழகிப் பெறுவன. அடுக்களை மகளிர்க்கே உரியது என்று எண்ணி ஆடவர் ஒதுங்கலாகாது. வரும் பண்டிகையில் உங்கள் இல்லத்தார் மாவு சலிக்கும்போது அருகிருந்து ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின், இதுவரை நம் தட்டு செல்லாத வீடு எது என்று கேட்டறிந்து, அவ்வீட்டிற்கு நீங்களே கொண்டு செல்லுங்கள்.